என் பிளாஸ்க்கில் இருந்த தண்ணீர்

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் செத்துப்போன என் தங்கையின் பிள்ளைகள். இந்த ஆறு பேரில் ஒருவருக்கும் என் கைச்சாப்பாட்டால் ஒரு நாள் வயிறு நொந்ததில்லை என்று பல வருடம் சொல்லித் திரிந்தவள் நான். இப்போது சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பதை, புதிதாகச் சமையல் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன்.

மா எப்படி வறுப்பது, இடியப்பம் எப்படிப் பிழிவது என்பதெல்லாம் இதில் இல்லை. அதை ஒருத்திக்குப் பக்கத்தில் ஒரு கிழமை நின்றால் கை தானாகப் பிடித்துவிடும். கை பிடித்த பிறகு வருகிற ஆபத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த பிறகு, தொண்ணூறுகளில் அஜின்கோர்ட் என்ற இடத்தில், ஒரு பிளாசாவின் மூலையில் எங்கள் ஆட்களின் டேக்அவுட் கடை ஒன்று இருந்தது. அங்கேதான் எனக்கு வேலை. நான் குடியிருந்த மல்வேர்னில் இருந்து விடிய பஸ் பிடித்துப் போவேன். பிட்டும் கறிகளும் என் பொறுப்பு. கோதுமை மாவில் செய்கிற ரோல்ஸ், பற்றிஸ் எல்லாம் ஒரு தம்பியின் பொறுப்பு. கடையில் மற்றவர்கள் அவரை ரோல்ஸ் அண்ணை என்பார்கள். எனக்கு இளையவர் என்பதால் எனக்குத் தம்பி. எந்த நேரமும் சிரிப்பார். அதனாலேயே அவரில் எனக்கு நம்பிக்கை குறைவு. வேலைத்தலத்தில் இவ்வளவு சிரிக்கிற மனிதன் எதையோ மறைக்கிறான் என்பது என் எண்ணம்.

நான் சந்தேகக்காரி. ஒளிக்க என்ன இருக்கிறது? மீன்காரன் இன்றைக்கு வந்தது என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். மா மூட்டையை முகர்ந்து பார்க்காமல் அவிழ்க்க மாட்டேன். முதலாளி 'எல்லாம் ஓகே அன்ரி' என்றால் அன்றைக்கு எதுவோ ஓகே இல்லை என்று எடுத்துக்கொள்வேன். சமையல்காரிக்கு அது நல்ல குணம்தான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

இடியப்பம் பிழிய ஜெசிந்தா என்று ஒரு பிள்ளை இருந்தாள். மன்னார்ப் பிள்ளை, இருபத்தாறு இருபத்தேழு வயது. மல்வேர்னில் என் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தாள். கலியாணம் முடித்து ஆறு மாதத்தில் தான் மட்டும் இங்கே வந்துவிட்டாள், புருஷன் மன்னாரில். அவரைக் கூப்பிடுகிற பேப்பர்களோடு கட்டாயம் ஒரு வேலைக் கடிதமும் வைக்க வேண்டும் என்று அவளுடைய லோயர் சொல்லியிருந்தார். கடிதம் தர வேண்டியது எங்கள் முதலாளி. அவரோ, "நீ மாசத்திலை பத்து நாள் வருத்தம் எண்டு நிக்கிறாய். ரெண்டு மாசம் ஒழுங்கா வந்து காட்டு, எழுதித் தாறன்" என்று சொல்லிவிட்டார்.

நோய் வருத்தம் உண்மைதான். பிள்ளை மெலிந்துகொண்டே போனாள். வோஷ்றூமுக்குப் போனால் அரை மணித்தியாலம். நான் முதலில் பிள்ளைத்தாச்சியோ என்று பார்த்தேன். புருஷன் மன்னாரில் என்பதால் அந்தச் சந்தேகத்தை நானே விழுங்கிக்கொண்டேன். பிறகு வேலைக் கள்ளியோ என்று பார்த்தேன். கடைசியில் ஒரு டொக்டர் ஏதேதோ சோதித்து, குடலுக்குள் குழாய் விட்டும் பார்த்து, வருத்தத்துக்குப் பெயர் சொன்னார். சீலியாக்.

"கோதுமை கூடாதாம் அன்ரி" என்றாள் ஜெசிந்தா. "பாண், ரோல்ஸ், பிஸ்கட் ஒண்டும் தொடக்கூடாதாம். ஒரு துளி போனாலும் குடல் புண்ணாகிடுமாம். சாகுமட்டும் இப்படித்தானாம். ஒரு பேப்பரும் தந்தவை."

ரோல்ஸ் அண்ணை முழங்கை வரை மாவோடு நின்றார். "அப்ப கோதுமை மாவிலை குளிக்கிற என்னைக் கட்டிப்பிடிச்சால் உன்ரை கதை முடிஞ்சுது."

"உங்களை ஆர் அண்ணை கட்டிப்பிடிக்கப் போயினம்?" என்றாள் அவள். கிச்சினே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாத வருத்தம் என்று ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. வெள்ளைக்காரருக்கு வருகிறது இவளுக்கு எப்படி வந்தது என்று ஒரு யோசனை. அவள் அந்தப் பேப்பரை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வாசித்துச் சொல்லு என்று நான் கேட்கவில்லை. கோதுமை என்றால் கோதுமை, அதற்கு மேல் வாசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு மாதம் பிள்ளை நன்றாக இருந்தாள். கன்னம் வைத்தது. ஒரு நாளும் லீவு இல்லை. முதலாளியும் கடிதத்துக்குத் தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. ஓடர் நெருக்கத்தில் ஜெசிந்தா மத்தியானம் சாப்பிடவே இல்லை. ரோல்ஸ் அண்ணை பாவம் பார்த்து ஒரு கோப்பையில் பிட்டைப் போட்டு, "இது அரிசிமாப் பிட்டு, பயப்பிடாமல் சாப்பிடு" என்று கொடுத்திருக்கிறார். நான் பின்பக்கம் லீக்ஸ் கழுவிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது கோப்பை வெறுமை.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அரிசிமாப் பிட்டு என்று சொல்லுவோம். பூப்போல வர வேண்டும் என்று அதற்குள் அவித்த கோதுமை மாவையும் கலப்போம். கலந்த பிறகும் அதை அரிசிமாப் பிட்டு என்றுதான் சொல்லுவோம். கறிக்கு உப்புப் போட்டதைப் போய் ஒருவருக்குச் சொல்லுவோமா? அப்படித்தான் அதுவும்.

"தம்பி, உந்தப் பிட்டிலை அவிச்ச கோதுமை மா கிடக்கெல்லோ!"

அவருடைய சிரிப்பு நின்றது. "அதை ஆர் அக்கா போட்டது?"

"போட்டது நான். குடுத்தது நீங்கள்."

அந்தப் பதிலை அன்றைக்கு நல்ல பதில் என்று நினைத்தேன்.

இரண்டு மணித்தியாலத்தில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மா மூட்டைகளுக்குப் பக்கத்தில் சுருண்டுவிட்டாள். வயிறு மேளம்போல ஊதிவிட்டது. சத்தி, வயிற்றோட்டம். முதலாளியின் வான் வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினோம். ஏறும்போது என் கையைப் பிடித்து, "திங்கட்கிழமை வந்திடுவன் எண்டு சொல்லுங்கோ அன்ரி" என்றாள். அவளுக்குக் கடிதப் பயம்.

நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். ஆறு பிள்ளை வளர்த்தவளுக்கு ஒரு வயிற்றோட்டம் புதினமா? அடுத்த நாள் விடிய என் கைமருந்துத் தண்ணீரைக் காய்ச்சி, வடித்து, உப்பும் சீனியும் தேசிக்காய்ப் புளியும் விட்டு, பெரிய பிளாஸ்க்கில் நிரப்பிக்கொண்டு போனேன். பஸ்ஸுக்கு முன் அவளுடைய பேஸ்மென்றுக்குப் போய்க் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு வேலைக்கு.

"என்ன அன்ரி இதுக்குள்ளை?"

"கேளாமல் குடி. உன்னைப்போல எத்தினை பேரை எழுப்பி விட்டனான்."

வயதுக்கு மூத்தவள் சொன்னால் அதற்கு மேல் அந்தப் பிள்ளை கேட்காது. குடித்தாள். நல்ல ருசி என்றும் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன போட்டேன் என்று சொல்லாததும் ஒரு பெருமைதான். சமையல்காரர் எல்லாரிடமும் உள்ள பெருமை அது. உங்களிடமும் இருக்கும், இல்லை என்று சொல்லாதீர்கள்.

ஐந்து நாள் போனேன். எனக்கு விளங்காதது ஒன்று இருந்தது. விடிய நான் பார்க்கும்போது கொஞ்சம் தெளிந்திருப்பாள். பின்னேரம் வேலை முடிந்து எட்டிப் பார்த்தால் திரும்பவும் சுருண்டு கிடப்பாள். ஒரு நேரப் பிட்டுக்கு இத்தனை நாளா? இடையில் என்னவோ நடக்கிறது என்று என் மூளை வேலை செய்யத் தொடங்கியது.

நாலாம் நாள் பின்னேரம் அவளுடைய குப்பை வாளிக்குள் எங்கள் கடைப் பேப்பர் பை ஒன்றைக் கண்டேன். எண்ணெய் பட்ட பை. ரோல்ஸ் போட்டுக் கொடுக்கிற பை.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒளித்துத் தின்கிறாள். கொண்டுவந்து கொடுக்கிறது அந்தச் சிரிப்புக்காரன். எனக்கு முன்னால் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லுவாள் என்பது என் முடிவு. நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப நடிக்கிறாளோ அன்ரி?"

"நடிக்கிறாள் எண்டு நான் சொல்லேல்லை. ஒளிச்சுத் தின்னுறாள் எண்டுதான் சொன்னனான்."

"ரெண்டும் ஒண்டுதான்" என்றார் அவர். அந்த இடத்திலேயே யாருக்கோ போன் எடுத்து, இடியப்பத்துக்கு வேறு ஒரு பிள்ளையை வரச் சொன்னார். அதை நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். கடிதம் என்ன ஆகும் என்று ஒரு கணம் நெஞ்சில் தட்டியது. தின்னும்போது அவள் யோசித்திருக்க வேண்டும் என்று அதையும் தள்ளிவிட்டேன்.

அடுத்த நாள், அதாவது ஐந்தாம் நாள், பிளாஸ்க்கோடு போனபோது ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெடித்திருந்தது. அன்றைக்கு அவளுக்குக் கிளினிக்கில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண்ணோடு அப்பொயின்மென்ற் இருந்தது. "தனியப் போக ஏலாது அன்ரி" என்றாள். நான் வேலைக்குச் சொல்லிவிட்டு அவளோடு போனேன். உதவிக்குத்தான் போனேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. அவள் அங்கே என்ன பொய் சொல்லுகிறாள் என்று முகத்தைப் பார்த்துப் பிடிக்கலாம் என்பது மற்றப் பாதி.

அந்தப் பெண் நரைத்த தலை வெள்ளைக்காரி. பெயர் எனக்கு ஞாபகம் இல்லை. கையில் ஒரு பென்சில். குற்றம் கேட்கிற குரல் இல்லை, தலை தடவுகிற குரலும் இல்லை. வெள்ளிக்கிழமையில் இருந்து வாய்க்குள் போன எல்லாவற்றையும் நாள் நாளாகச் சொல்லச் சொன்னாள். ஜெசிந்தா இங்கிலிஷில் சொல்லிச் சொல்லி எனக்குத் தமிழிலும் சொன்னாள். முழுவதையும் சொல்கிறாளா, இடையில் விடுகிறாளா என்று நான் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோற்றுக் கஞ்சி. அவித்த முட்டை, அதுவும் பாதி. வாழைப்பழம்.

"வாழைப்பழம் ஏது உனக்கு?" என்று நான் இடையில் பிடித்தேன்.

"ரோல்ஸ் அண்ணை கொண்டுவந்து கதவிலை கொழுவிவிட்டுப் போனவர் அன்ரி. கடைப் பையிலை போட்டு, எண்ணெய்க் கையோடை. உள்ளுக்கு வரேல்லை, தன்ரை உடுப்பிலை மா கிடக்குமாம்."

என் சந்தேகத்தின் ஒரு கால் அதோடு முறிந்தது. ஆனால் நான் இன்னும் விடவில்லை. வேறு ஏதாவது இருக்க வேண்டும்.

வெள்ளைக்காரி பென்சிலை வைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள்.

"குடிக்கிறது என்ன எண்டு கேக்கிறா. நான் அன்ரியின்ரை தண்ணி எண்டு சொன்னனான். அதுக்குள்ளை என்ன கிடக்கு எண்டு உங்களைக் கேக்கிறா."

நான் நிமிர்ந்து இருந்தேன். இந்த நாட்டில் ஒரு படித்த மனுஷி என் கைமருந்தைப் பற்றிக் கேட்டு எழுதப் போகிறாள். ஜெசிந்தாவைப் பார்த்துச் சொன்னேன்: "சொல்லு பிள்ளை. பார்லி. ஒரு சுண்டு பார்லியை நல்லா அவிய விட்டு…"

அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பென்சில் நின்றுவிட்டது.

அவள் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பேப்பரை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். ஜெசிந்தாவின் கைப்பைக்குள் மடித்துக் கிடந்த அதே பேப்பர். கோதுமைக்கு அடுத்த வரியில் விரலை வைத்தாள். ஜெசிந்தா அந்த வரியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

என் புத்தியைப் பாருங்கள். அப்போதும் முதலில் நான் சந்தேகப்பட்டது அந்தப் பெண்ணைத்தான். "யாழ்ப்பாணத்திலை ஆசுப்பத்திரியிலையே வருத்தக்காரருக்குப் பார்லித் தண்ணி குடுக்கிறவை! இவவுக்கு என்ன தெரியும், கேள்!" என்றேன். ஜெசிந்தா மெல்லிய குரலில் கேட்டாள். பதில் வந்தது. மற்ற வருத்தங்களுக்கு நல்லதாக இருக்கலாமாம். ஆனால் கோதுமையில் இவளைக் கெடுக்கிற பொருள் எதுவோ, அந்த இனம் பார்லியிலும் இருக்கிறதாம். வடித்தாலும் போகாதாம், கொதித்தாலும் போகாதாம்.

"ஒவ்வொரு நாளுமா?" என்று மட்டும் வெள்ளைக்காரி கேட்டாள். "ஒவ்வொரு நாளும் விடிய" என்று ஜெசிந்தா சொன்னாள். அதை அவள் எழுதிக்கொண்டாள். என்னைத் திட்டியிருந்தால் நான் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன். திட்டவில்லை.

அன்றைக்கு அவள் சொன்னதை உங்களுக்கும் சொல்லி விடுகிறேன், உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். இந்த வருத்தக்காரர் பிழையாக ஒன்றைத் தின்றுவிட்டால் அதை வெளியே இழுக்க ஒரு மருந்தும் இல்லை. உடம்பு தன் நாட்களை எடுக்கும். செய்யக்கூடியது கொஞ்சம்தான்: அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், மருந்துக்கடையில் அதற்கென்று விற்கிற உப்பு சீனிக் கரைசல், வெறும் அரிசிக் கஞ்சி, நித்திரை. எழும்பினால் தலை சுற்றினால், சலம் கழியாமல் விட்டால், இரத்தம் கண்டால், ஒன்றும் வயிற்றில் தங்காவிட்டால், வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது, ஆஸ்பத்திரிதான். இதைச் சொல்லிவிட்டு, பக்கத்து அறை டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் ஜெசிந்தாவின் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு உடனே சேலைன் ஏற்ற அனுப்பினார்.

சேலைன் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது நான் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். பிளாஸ்க் என் மடியில், விடிய அவள் குடித்த ஒரு மிடறு மட்டும் குறைந்தபடி. கொண்டுபோய்க் கொட்ட எழும்பவும் மனம் வரவில்லை. ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு, "வேலைக்கு வேறை ஆளை எடுத்திட்டினமோ அன்ரி?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன். எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் விடிய கடைக்குப் போனேன். புதுப் பிள்ளை ஒன்று இடியப்ப உரலைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றது. முதலாளி கணக்குக் கொப்பியோடு நின்றார். ரோல்ஸ் அண்ணை மா உருட்டிக்கொண்டு நின்றார்.

பஸ்ஸில் வரும்போதே ஒரு கதை தயாரித்திருந்தேன். 'டொக்டர் உண்மையான வருத்தம்தான் எண்டு சொல்லிப்போட்டார்' என்று மட்டும் சொல்லுவது. அதில் பொய் ஒன்றும் இல்லை. பார்லி வெளியே வர வேண்டிய அவசியமும் இல்லை. அப்படித்தான் தொடங்கினேன்.

"ஒளிச்சு ஒண்டும் தின்னேல்லையாம். குடிச்ச தண்ணியிலை ஏதோ பிழையாம்."

"எந்தத் தண்ணி அக்கா? பைப் தண்ணியோ?" என்றார் ரோல்ஸ் அண்ணை. பாவம், உண்மையாகவே பயந்து கேட்டார். ஐந்து நாளாகத் தன்னால் வந்த வினை என்று தின்னாமல் இருந்த மனிதன்.

முதலாளி முகத்தைச் சுளித்தார். "ஏதோ பிழை எண்டால் என்ன அன்ரி? முந்தநாள் ஒரு கதை, இண்டைக்கு ஒரு கதை."

அந்த இடத்தில்தான், பிள்ளைகளே, நான் தயாரித்த கதை நிற்காது என்று விளங்கியது. அரைவாசி சொன்னால் சந்தேகம் அவளோடேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சந்தேகத்தின் தன்மை எனக்குத் தெரியாததா? அதை அவளிடமிருந்து எடுப்பதென்றால் இன்னொருவர் தலையில் வைக்க வேண்டும், அந்தத் தலை எது என்பதும் தெரியும்.

"என்ரை தண்ணி" என்றேன். "பார்லி. அதிலையும் அவளுக்குக் கூடாத சாமான் கிடக்காம். அஞ்சு நாளா நான்தான் குடுத்தனான். என்ன போட்டது எண்டு கேட்டவள், நான் சொல்லேல்லை. பிறகு உங்களிட்டை வந்து ஒளிச்சுத் தின்னுறாள் எண்டதும் நான்தான். அது பொய்."

ரோல்ஸ் அண்ணை மாக்கையால் தலையைச் சொறிந்தார்.

"அப்ப நான் குடுத்தது ஒரு நேரம், நீங்கள் குடுத்தது அஞ்சு நாள்" என்றார். பிறகு சிரித்தார். பட வேண்டியதுதான். வாயை மூடிக்கொண்டு பட்டேன்.

முதலாளி, "எனக்கு இப்ப வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பேலாது அன்ரி" என்றார்.

"அனுப்பவேண்டாம். என்னோடை பிட்டுக்கு விடுங்கோ, நான் பழக்கிறன். இடியப்பம் ஜெசிந்தாவின்ரை இடம். வருமட்டும் அதை நான் பிழியிறன்."

"ரெண்டு வேலையுமோ?"

"ரெண்டும்."

"அப்ப கடிதம்?" என்று அவரே இழுத்தார்.

"நான் சொன்ன பொய்யை ஒரு நிமிஷத்திலை நம்பினீங்கள். இதையும் நம்புங்கோ."

அவர் கணக்குக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். இரண்டு கிழமை இரண்டு அடுப்புக்கும் நடுவில் நின்றேன், தோள்மூட்டு இன்றைக்கும் நோகிறது. மூன்றாம் கிழமை ஜெசிந்தா வந்தாள். அந்த மாதமே கடிதம் அவளுடைய கைக்கு வந்தது, அடுத்த வருடம் புருஷனும் வந்து சேர்ந்தார்.

அவள் வந்த முதல் நாள்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. குளிரில் நடந்து வந்திருந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கையில் கொடுத்தேன். வாங்கினாள், குடிக்கவில்லை.

"அன்ரி, இதுக்குள்ளை என்ன?"

எல்லாருக்கும் முன்னால் கேட்டாள். புதுப் பிள்ளையும் நின்றது. ஆறு பிள்ளை வளர்த்தவளை, ஊரில் நூறு பேருக்குத் தனியாக நின்று சமைத்தவளை, தன் அம்மாவின் வயதுக்காரியைப் பார்த்து. கன்னத்தில் அறை விழுந்ததுபோல இருந்தது. கோப்பையைப் பறித்துக் கொட்டலாம் என்றுகூட வந்தது.

"தேயிலை. சுடுதண்ணி. சீனி" என்றேன்.

"கரண்டி?"

கரண்டி பற்றிஸ் மேசையில் கிடந்தது. மா பட்டதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அந்தத் தேத்தண்ணியைக் கொட்டினேன். அவள் பார்க்கக்கூடியதாக இன்னொரு கரண்டியைக் கழுவி, திரும்ப முதலில் இருந்து ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒன்றாக வேலை செய்த அவ்வளவு காலமும் அவள் கேட்டாள், ஒவ்வொரு நாளும். நானும் ஒவ்வொரு நாளும் பதில் சொன்னேன். முதல் கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். பிறகு, அவள் கேட்க முதலே நானே வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். சொல்லும்போது இரண்டு தரம் எனக்கே பிழை பிடிபட்டது. ஒரு நாள் கோதுமை மா அரித்த அரிதட்டு, ஒரு நாள் பெருங்காயம். கடையில் விற்கிற பெருங்காயத்தில் கோதுமை மா கலக்கிறார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே யாராவது வந்து உங்கள் சாப்பாட்டைக் காட்டி இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அவர் உங்கள் கையைப் பழிக்கிறார் என்று எடுக்காதீர்கள். முழுவதையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அவர் பசியோடு போனாலும் பரவாயில்லை. உலகத்தில் எல்லாரையும் சந்தேகியுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் தொடங்கும்போது உங்கள் கையில் இருக்கிற பாத்திரத்தில் இருந்து தொடங்குங்கள். நான் கடைசியாகத்தான் அங்கே வந்தேன். அதற்குள் அவளுக்குச் சேலைன் ஏற்றுகிற நிலை வந்துவிட்டது.

இவ்வளவுதான். இனிப் பேத்தியைக் கூப்பிட வேண்டும்.

"பிள்ளை, இங்கை வா. இதை முதலிலை இருந்து உரத்து வாசி. முதலாளியிட்டை நான் கோள் சொன்ன இடத்தை எழுதாமல் விட்டிட்டனோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம்."